மத்தியானம் தூங்கும் கடல்

1

போன வருஷம் எங்கள் பல்கலைக்கழகத்தில் காரைக்கால் கடலுக்கு ஒரு பட்டப்பெயர் கிடைத்தது: மத்தியானம் தூங்கும் கடல். உலகத்துக் கடல்களெல்லாம் வெயில் ஏற ஏறச் சூடாகும். எங்கள் ஊர்க் கடல் மட்டும் பிற்பகல் இரண்டு மணிக்குக் குளிர ஆரம்பிக்கும். நாலு மணி வரை அப்படியே கிடக்கும், பிறகு எழுந்துகொள்ளும். ராத்திரி பத்து மணிக்கு மறுபடி குளிர்ந்து காலை ஐந்துக்கு விழிக்கும். குளிர்ந்தால் இருபத்து நான்கு டிகிரி. அதற்கு மேலும் போகாது, கீழும் போகாது. எங்கள் பேராசிரியர் தலை நரைக்கும் வரை கடலைப் படித்தவர். இத்தனை ஒழுக்கமான கடலை நான் பார்த்ததே இல்லை என்று சொல்லி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களில் சிலருக்கு இப்போதே சந்தேகம் தட்டியிருக்கும். எங்களுக்குத் தட்டப் பதினோரு மாதம் ஆயிற்று. நாங்கள் ஆராய்ச்சி செய்கிறவர்கள், எங்களுக்கு நேரம் பிடிக்கும்.

பிரான்ஸின் மேற்குக் கரையில் ஒரு துறைமுக நகரம். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் கடலாய்வுத் துறையில் வேலை பார்க்கிறேன். காரைக்காலில் என்னை ‘சயின்டிஸ்ட்’ என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். நானும் மறுத்ததில்லை. உண்மையில் நான் தொழில்நுட்ப உதவியாளன். கடலில் கட்டிவிட்ட கருவிகள் அனுப்பும் எண்களை வாங்கி, தூசி தட்டி, வரிசைப்படுத்தி, படித்தவர்களிடம் கொடுப்பது என் வேலை. கல்யாணச் சமையலில் காய் நறுக்குபவர் இருப்பாரே, அந்த மாதிரி. சாப்பாடு நன்றாக இருந்தால் அவரை யாரும் கேட்கமாட்டார்கள், கல் தட்டுப்பட்டால் மட்டும் கூப்பிடுவார்கள்.

2

வெப்பமாகும் கடல்கள் பற்றி ஒரு பெரிய திட்டம் வந்தது. வங்கக் கரையில் ஓர் இடம் வேண்டும் என்றார்கள். கூட்டத்தில் பெரிய திரையில் வரைபடத்தைப் போட்டார்கள். பழைய பிரெஞ்சுப் பதிவேட்டிலிருந்து எடுத்தது போலிருக்கிறது, காரைக்காலைத் தனி நாடு மாதிரி கோடு போட்டு, சுற்றிலும் இருந்த தமிழ்நாட்டை வெறும் வெள்ளையாக விட்டிருந்தார்கள். வெள்ளைப் பகுதியில் கடல் எப்படி இருக்கிறது என்று ஒரு பெண் கேட்டாள். அதே கடல்தான் என்றேன். அதைக் குறித்துக்கொண்டார்கள்.

“அந்த இடம் யாருக்காவது தெரியுமா?” என்று பேராசிரியர் கேட்டபோது எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. நான் ஊரை விட்டு வந்து இருபத்திரண்டு வருஷம். கடைசியாகப் போனது நாலு வருஷத்துக்கு முன்பு, பத்து நாள். அதில் இரண்டு நாள் கல்யாணம், மூன்று நாள் வங்கி, மீதி நாள் ஆதார் அட்டையில் அப்பா பெயரைத் திருத்துவது. கடலை நான் பார்க்கவே இல்லை. இருந்தாலும் அன்று அந்தக் கூட்டத்தில் என்னை ‘உள்ளூர் நிபுணர்’ என்று நடவடிக்கைக் குறிப்பில் எழுதினார்கள். மனுஷனுக்குக் கொஞ்சம் பெருமை வந்தால் வாய் தானாகத் திறக்கும். தெரியும் என்றேன்.

கருவியை எங்கே கட்டலாம் என்று கேட்டார்கள். பக்கத்துக் கிராமமான பூவத்துக்குக் கிழக்கே, சவுக்குத் தோப்பைத் தாண்டியதும் ஒரு சிமெண்ட் தூண் உண்டு. படகுத்துறை கட்டுகிறோம் என்று அடிக்கல் நாட்டி, மாலை போட்டு, ஒரே ஒரு தூணை எழுப்பிவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவில்லை. அதன் நிழலில் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் நாங்கள் பள்ளிக்கூடக் காலத்தில் கடலில் குளிப்போம். செயற்கைக்கோள் படத்தில் அந்த இடத்தில் அலைக்கோடு வெள்ளையாகத் தெரிந்தது, பக்கத்தில் ஒரு கரும்புள்ளி. அதுதான் தூண் என்று விரலை வைத்தேன். படகாக இருந்திருக்கும்.

கருவியைக் கொண்டுபோய்க் கட்ட யாராவது போக வேண்டும். ஆனால் எங்கள் பல்கலைக்கழகம் பருவநிலைப் பொறுப்புச் சாசனம் ஒன்றை நிறைவேற்றியிருந்தது. கரியமில வாயுவைக் குறைக்க வேண்டும், அதனால் ஆய்வாளர்கள் விமானத்தில் போகக் கூடாது. நல்ல விஷயம். கருவியைக் கூரியரில் அனுப்பலாம் என்று முடிவானது. கூரியர் விமானத்தில் போனது. கருவி சாசனத்தில் கையெழுத்துப் போடவில்லை, அதனால் அதைத் தடுக்க முடியாது என்று நிர்வாகத்தில் விளக்கம் கொடுத்தார்கள்.

ஊரில் வாங்கிக் கட்டுவதற்கு ஒரு பொறுப்பான ஆள் வேண்டும். என் அக்காவின் கணவர், நான் அத்தான் என்று கூப்பிடுபவர், வேளாண் துறையில் கள உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றுக் காரைக்காலை ஒட்டிய தலத்தெருவில் இருக்கிறார். மண் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியவர், தண்ணீர் எடுத்து அனுப்பியவர், வாழ்நாளில் ஒரு படிவத்தைக்கூடப் பாதியில் விட்டதில்லை. அவர் பெயரைக் கொடுத்தேன். உடனே பதினான்கு பக்கப் படிவம் போனது. அதில் ஒரு கேள்வி, கருவியைப் பார்க்கப் போய்வரும் வாகனம் எவ்வளவு புகை விடும் என்பது. ‘ஸ்கூட்டர். மைலேஜ் நன்றாகத் தருகிறது’ என்று அத்தான் எழுதி அனுப்பினார்.

அங்கே அனுமதி வாங்குவது இன்னொரு கதை. ஓர் அலுவலகத்தில் இது மீன் இல்லை, எங்களுக்குச் சம்பந்தமில்லை என்றார்கள். இன்னொன்றில் இது கப்பல் இல்லை என்றார்கள். மூன்றாவதில் பாண்டிச்சேரிக்கு எழுதிக் கேட்க வேண்டும் என்றார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது பழக்கம். மூன்று பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல், அரசாங்கம் மட்டும் பஸ்ஸில் மூணு மணி நேரத் தொலைவில் இருக்கும். அத்தான் ஏழு முறை அலைந்து ஒரு முத்திரை வாங்கினார். அது எந்த அலுவலகத்து முத்திரை என்று இன்றுவரை எங்கள் நிர்வாகத்துக்குத் தெரியாது. வட்டமாக இருந்ததால் ஏற்றுக்கொண்டார்கள்.

பதிலுக்குப் பல்கலைக்கழகம் அவருக்கு ஒரு கடிதம் அனுப்பியது. ‘உள்ளூர் அறிவியல் தொடர்பாளர்’ என்று அதில் பதவி போட்டிருந்தது. அத்தான் அதை லேமினேட் செய்துகொண்டார். ஒரு வாரம் கழித்து வாட்ஸ்அப்பில் சேதி வந்தது: “போட்டாச்சு மாப்ள. எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது.”

அன்றைக்கே எண்கள் வர ஆரம்பித்தன.

3

கருவி என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. சோடா பாட்டில் அளவில் மஞ்சள் நிறப் பெட்டி. உள்ளே பேட்டரியும் சிம் கார்டும். பெட்டியைத் தூணின் மேல் கட்டிவிட்டு, அதன் வால் மாதிரியான கம்பியைத் தண்ணீருக்குள் தொங்கவிட வேண்டும். மணிக்கு ஒருமுறை வெப்பநிலையை அனுப்பும். உப்பையும் நீர்மட்டத்தையும் அளக்கும் பாகங்களும் முதலில் திட்டத்தில் இருந்தன. குழு கூடிப் பேசி, சுருக்கி, வெப்பநிலை போதும் என்று விட்டுவிட்டது. நீர்மட்டத்தை அளந்திருந்தால் முதல் நாளே குட்டு வெளிப்பட்டிருக்கும்.

அந்த எண்களை நம்பி ஒரு பெண் இருந்தாள். பெயர் மாயெல். முனைவர் பட்டத்துக்கு மூன்று வருஷமாக உழைக்கிறாள். அவளுடைய வேறு இரண்டு இடங்களில் ஒன்றில் கருவி திருடு போனது, இன்னொன்றில் சிப்பி மூடிக் கெட்டுப்போனது. மிஞ்சியது காரைக்கால்தான். ஆய்வேட்டின் நடு அத்தியாயம் முழுக்க எங்கள் ஊர்க் கடல். அது இல்லையென்றால் அவளிடம் முன்னுரையும் நன்றியுரையும் மட்டுமே இருக்கும்.

அவள் முதலில் சந்தேகப்பட்டாள் என்பதைச் சொல்லிவிட வேண்டும். கருவி பழுதாக இருக்குமோ என்று என்னிடம் வந்து கேட்டாள். கட்டியவர் என் அத்தான், அவர் செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்று அடித்துச் சொன்னேன். அதன் பிறகு அவள் கேட்கவில்லை. பேராசிரியர் கடலடியிலிருந்து குளிர்நீர் மேலெழுகிறது என்றார். வருகைப் பேராசிரியர் ஒருவர் ஆற்று நிலத்தடி நீர் கசிகிறது என்றார். இருவரும் ஒரு மாதம் பேசிக்கொள்ளவில்லை.

மாதத்தில் ஒரு நாள் மட்டும் காலை ஒன்பதிலிருந்து மாலை வரை கடல் தூங்காமல் சூடாகவே இருந்தது. அது அமாவாசையோடு சம்பந்தப்பட்டது என்று மாயெல் மூன்று மாதம் கணக்குப் போட்டாள். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாள் என்று ஒன்று நம் நாட்டில் உண்டு என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டிலிருந்து நாலு வரை தலத்தெருவில் என்ன நடக்கும் என்று தெரியாதவனா நான்? இருபத்திரண்டு வருஷம் வெளியே இருந்தால் இதுவும் மறந்துபோகும்.

ஒரு கருத்தரங்கில் இதை நானே விளக்க வேண்டி வந்தது. பிரெஞ்சில் கடல் ஏறி இறங்கும் ‘ஓதம்’ என்பதற்கும் ‘மணப்பெண்’ என்பதற்கும் ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். எங்கள் ஊரில் மணப்பெண் தினமும் இரண்டு முறை வந்துபோவாள் என்று சொல்லிவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. அந்த ஊரில் அப்படியும் இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

இதற்கிடையில் என் வேலை நிரந்தரமாவதற்கான கோப்பில், ‘இந்தத் திட்டத்தின் வெற்றியைப் பொறுத்து’ என்று ஒரு வரி சேர்ந்திருந்தது. ஊரில் எல்லாருக்கும் நான் பத்து வருஷத்துக்கு முன்பே நிரந்தரம்.

4

என் மகள் நிலாவுக்குப் பதினாறு வயது. பள்ளியில் பருவநிலைக் குழுவில் இருக்கிறாள். மாமிசத்தை விட்டாள், புது உடுப்பு வாங்குவதை விட்டாள், விமானம் ஏறுவதையும் விட்டுவிட்டாள். கோடை விடுமுறைக்குக் காரைக்கால் போகலாம் என்றால், அந்தக் கரையைக் காப்பாற்றத்தான் அங்கே வரமாட்டேன் என்கிறாள். அவளுடைய தமிழும் அப்படித்தான், கிளம்பிவிட்டது, எங்கேயும் போய்ச் சேரவில்லை. பூனையை ‘நீங்க’ என்பாள், என்னை ‘நீ’ என்பாள். அவள் அத்தையிடம், அதாவது என் அக்காவிடம், ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசுவது மட்டும் நிற்கவில்லை. அதற்கு விமானம் வேண்டாம்.

மாயெல் ஆய்வேட்டைக் கொடுக்க மூன்று வாரம் இருந்த ஒரு ஞாயிறு. அக்கா போனை எடுத்துக்கொண்டு ஹாலில் நடந்து நடந்து பேசிக்கொண்டிருந்தாள். நான் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

“அத்தை, நில். பின்னாடி போ. அது என்ன?” என்றாள் நிலா.

“எது கண்ணு?”

“அது. மஞ்சள்.”

“அதுவா? ஒங்கப்பா அனுப்புன மிஷினு.”

நான் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தேன். அக்கா வீட்டு ஹாலில் சுவரை அடைத்து ஒரு கண்ணாடி ஷோகேஸ் உண்டு. வெளிநாட்டிலிருந்து போகிற எதுவும் அதற்குள் போனால் வெளியே வராது. நான் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த வாசனைத் திரவியம் இன்னும் சீல் பிரிக்காமல் இருக்கிறது. அதற்கும் குட்டி ஐஃபிள் கோபுரத்துக்கும் நடுவில் எங்கள் பல்கலைக்கழகத்தின் கருவி உட்கார்ந்திருந்தது. வாலை நன்றாகச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டிருந்தார்கள். நெற்றியில் சந்தனம், குங்குமம். நேர் எதிர்ச் சுவரில் ஏசி. அத்தானுக்கு முட்டிவலி வந்து மாடி ஏற முடியாமல் போன பிறகு, ஏசியை ஹாலில் மாட்டி அங்கேயே படுக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

நிலா பல்கலைக்கழகத்தைப் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிடும் நாளில் அந்தக் கருவியின் படத்தைப் பார்த்தவள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். போனில் தெரிந்ததை அப்படியே படமெடுத்து வைத்துக்கொண்டாள்.

“நீ சொல்லப் போறியா?” என்று கேட்டாள்.

5

அன்றைக்கே அத்தானைக் கூப்பிட்டேன்.

“அத்தான், அந்தக் கருவி எங்க இருக்கு?”

“கடல்லதான் மாப்ள.”

“நிலா பாத்துட்டா அத்தான்.”



“வீட்டுலதான் இருக்கு. பத்திரமா இருக்கு. ஒரு தூசி படல.”

“பொட்டு வச்சிருக்கு.”

“ஆயுத பூஜைக்கு ஒங்க அக்கா வச்சா. ஸ்கூட்டருக்கு வச்சோம், மிக்ஸிக்கு வச்சோம், அதுக்கு மட்டும் வைக்காம விட்டா நல்லா இருக்குமா?”

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. ஷோகேஸில் வைத்து அழகு பார்க்கவா அனுப்பினேன் என்று கத்தினேன். ஒரு பெண்ணின் மூன்று வருஷப் படிப்பு அதில் தொங்குகிறது என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: “எங்க கட்டுறது, சொல்லு.”

“தூண்ல.”

“தூண் இல்ல மாப்ள.”

“இல்லன்னா?”

“சாஞ்சு ரெண்டு மழக்காலம் ஆச்சு. நீ குறிச்ச எடத்துக்கு நான் போனேன். மிஷினப் பையில வச்சுக்கிட்டு மூணு தடவ போனேன். அந்த எடம் இப்ப தண்ணிக்குள்ள இருக்கு. சவுக்குத் தோப்புலயே ரெண்டு வரிசதான் நிக்கிது. எதுல கட்டுவேன்?”

“சொல்லியிருக்கலாமே அத்தான்.”

“எப்படி சொல்றது? அவ்ளோ தூரத்துல கெடக்குற. சின்னப் புள்ளையில குளிச்ச எடம். போன்ல சொன்னா மனசு கஷ்டப்படுவ. நேர்ல வர்றப்ப பக்குவமா சொல்லிக்கலாம்னு அக்காதான் சொன்னா. அதுவரைக்கும் மிஷின் கெட்டுப்போகக் கூடாதுன்னு குளுகுளுன்னு வச்சிருந்தோம்.”

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நமக்குப் போனில் கெட்டது சொல்லமாட்டார்கள். அக்காவுக்குப் பித்தப்பையை எடுத்தது தையல் பிரித்த பிறகுதான் எனக்குத் தெரியும். பின்கட்டுச் சுவர் மழையில் இடிந்ததைப் புதுச்சுவர் கட்டி வெள்ளையடித்துப் படம் அனுப்பியபோது தெரிந்துகொண்டேன். நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை. நான் சயின்டிஸ்ட் என்பதும் நிரந்தரம் என்பதும் அந்த வகைதான். இரண்டு பக்கமும் இப்படிப் பாசத்தோடு பொய் சொல்லிச் சொல்லி, இருபத்திரண்டு வருஷமாக எல்லாரும் நன்றாக இருக்கிறோம். கடல் உள்ளே வந்ததை எனக்குச் சொல்லாமல் இருப்பதற்கு எங்கள் குடும்பத்தில் அன்பு என்று பெயர். பல்கலைக்கழகத்தில் அதற்குத் தரவு இடைவெளி என்று பெயர்.

போனை வைக்கும் முன்பு அத்தான் தாழ்ந்த குரலில் கேட்டார்: “இப்ப அந்தப் பொண்ணுக்கு எந்த நம்பர் வேணும்? சொல்லு, அதுக்குத் தக்கன ஏசிய வச்சிடுறேன்.”

அவர் உதவி செய்யத்தான் கேட்டார். ஒரு நிமிஷம் நான் யோசித்ததையும் இங்கே எழுதிவிடுகிறேன். பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. சாசனம் இருக்கும்வரை எங்கள் துறையிலிருந்து காரைக்காலுக்கு யாரும் போகப்போவதில்லை. மாயெல் டாக்டர் ஆகியிருப்பாள், நான் நிரந்தரம் ஆகியிருப்பேன். நிலா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

6

திங்கட்கிழமை காலை மாயெல்லின் அறைக்குப் போனேன். படத்தைக் காட்டினேன். சந்தனம் குங்குமம் என்னவென்று கேட்டாள், சொன்னேன். அந்த அறையில் இரண்டிலிருந்து நாலு வரை என்ன நடக்கும் என்பதையும் சொன்னேன். முதலில் சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. பிறகு அது சிரிப்பு இல்லை என்று எனக்குத் தெரிந்தது. மேசையில் அந்த அத்தியாயம் அச்செடுத்துக் கிடந்தது. அதைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள்.

“நீங்கள் உறுதியாகச் சொன்னீர்கள்” என்றாள்.

ஆமாம் என்றேன். அவமானமாக இருந்தது. அத்தானைச் சொல்லிக் குற்றமில்லை, பல வருஷமாகப் பார்க்காத கரையில் கண்ணை மூடிக்கொண்டு விரலை வைத்தவன் நான்.

பேராசிரியர் இதைச் சுலபமாக எடுத்துக்கொண்டார். குளிர்நீர் மேலெழுவது பற்றி அவர் எழுதிய கட்டுரை நல்லவேளையாக இன்னும் எங்கும் அனுப்பப்படவில்லை. மரியாதையில் கீறல் விழாமல் அதைக் கைவிட்டுவிடலாம். அறிக்கையில் ‘ஷோகேஸ்’ என்ற சொல் மட்டும் வேண்டாம் என்றார். ‘கருவி பொருத்தமற்ற வெப்பச் சூழலில் நிறுவப்பட்டிருந்தது’ என்று எழுதச் சொன்னார். எழுதினேன். என் கோப்பு அடுத்த வருஷக் குழுவுக்குத் தள்ளிப்போனது. ஊரில் நான் இன்னும் நிரந்தரம்தான், தயவுசெய்து யாரும் அக்காவிடம் சொல்லிவிடாதீர்கள்.

மாயெல் இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் என் மேசைக்கு வந்து நின்றாள். தலை கூட வாரவில்லை.

“தூண் எப்போது விழுந்தது என்று உங்கள் அத்தானுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“தோப்பு? எந்த வரிசை எப்போது போனது என்று?”

“தினமும் காலையில் ஸ்கூட்டரில் போய்ப் பார்ப்பவர் அவர். தெரியாமல் இருக்காது.”

“இத்தனை நாளாக அவரிடம் நாம் ஏன் எதுவும் கேட்கவில்லை?”

வெப்பநிலையை மட்டும் கேட்பது என்று குழுவில் முடிவானதை நினைவுபடுத்தினேன். அவள் ஆறு மாத அவகாசம் வாங்கினாள். அந்தக் கரை பின்வாங்கியதை நேரில் பார்த்தவரின் வாய்மொழியை, பழைய செயற்கைக்கோள் படங்களோடு ஒப்பிட்டு நடு அத்தியாயத்தைப் புதிதாக எழுதப்போகிறாள். பட்டம் கிடைத்தால் இனி அத்தான் வாயால்தான். அவருக்குச் சம்மதப் படிவம் போனது. உங்கள் குரலைச் சேமித்து வைக்கலாமா என்று ஒரு கட்டம். ‘தாராளமாக’ என்று எழுதி, அடியில் உள்ளூர் அறிவியல் தொடர்பாளர் என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

7

பேட்டி நடந்தது ஒரு வியாழக்கிழமை. இங்கே காலை, அங்கே மத்தியானம். அன்று அவர் தூங்கவில்லை. தேய்த்த சட்டை, நெற்றியில் விபூதி, பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீர். தெருவில் இருக்கும் ஓய்வு பெற்ற பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரரிடம் கற்றுக்கொண்டு, “போன்ழூர் மத்மோசெல்” என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லி ஆரம்பித்தார். மாயெல் முகம் மலர்ந்தது. நான் நடுவில் மொழிபெயர்ப்பாளன்.

உங்கள் கரை எப்படி இருக்கிறது என்று அவள் முதல் கேள்வி கேட்டாள்.

“எல்லாம் நல்லா இருக்குங்கம்மா. அங்க நீங்கள்லாம் சௌக்கியமா?”

மொழிபெயர்த்தேன். மாயெல் பேனாவைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள்.

“அத்தான், இவங்க நம்ம வீட்டு ஆள் இல்ல. இவங்ககிட்ட கெட்டது சொல்லலாம்” என்றேன்.

அவர் கொஞ்சம் தண்ணீர் குடித்தார். பிறகு ஆரம்பித்தார். ஒரு மணி நேரம் நிறுத்தவில்லை. அவர் சொன்ன எதற்கும் வருஷம் கிடையாது. அவருடைய பெரியவள் கல்யாணத்துக்கு முந்தின மழையில் தூண் சாய ஆரம்பித்தது. சின்னவன் பிளஸ் டூ எழுதியபோது மீன் ஏலக் கொட்டகையின் படி போயிற்று. அவருக்கு முட்டிவலி வந்த வருஷம் தோப்பில் நாலாவது வரிசை. நான் என் குடும்பத்துக் கல்யாணங்களையும் பரீட்சைகளையும் ஆண்டுகளாக மாற்றிச் சொல்லச் சொல்ல, மாயெல் வரைபடத்தில் கோடு போட்டுக்கொண்டே போனாள். ஒவ்வொரு கோடும் முந்தினதற்கு மேற்கே விழுந்தது. பழைய செயற்கைக்கோள் படங்களை எடுத்து வைத்து ஒப்பிட்டாள். அத்தான் ஓர் இடத்தில்கூடத் தவறவில்லை. அவள் கண்கள் பளபளத்தன. பதினோரு மாதமாக ஏசியை அளந்தவளுக்கு முதன்முதலாகக் கடல் கிடைத்திருக்கிறது, சந்தோஷப்படாமல் எப்படி இருப்பாள்?

பூவத்து வயல்களைப் பற்றிக் கேட்டாள், எங்கள் வயலும் அங்கேதான். மோட்டார் தண்ணீர் கரிக்கிறது, இரண்டு போகமாக நடவு இல்லை என்றார். நான் அதை உடனே மொழிபெயர்க்கவில்லை.

“அத்தான், போன மாசம் நம்ம வயல் அரிசின்னு அக்கா குடுத்தனுப்பிச்சே?”

“கடையில வாங்குனதுதான் மாப்ள. நல்ல அரிசிதான். புழுங்கல்.”

அந்த அரிசியைச் சோறாக்கித் துறையில் எல்லாருக்கும் போட்டு, என் தாத்தா காலத்து வயல் என்று அரைமணி நேரம் பேசியிருக்கிறேன். மாயெல்லும் சாப்பிட்டாள். கிணற்று நீர் உப்பாகிவிட்டது என்று மட்டும் அவளிடம் சொன்னேன்.

கரையோரமாக வேறு ஏதாவது கட்டடம் போயிருக்கிறதா என்று அவள் கேட்டாள். அத்தான் யோசித்தார். கேமராவிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“சுடுகாட்டுக் கொட்டகையும் போயிடுச்சு மாப்ள. மாமாவ வச்ச எடம்.”

அவர் மாமா என்றது என் அப்பாவை. அப்பா போனபோது எனக்கு விசா புதுப்பிக்கும் காகிதம் கைக்கு வரவில்லை. அது வந்து, விமானம் ஏறிப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, பால் தெளித்து, சாம்பலையும் கரைத்துவிட்டிருந்தார்கள். கடற்கரையோரம் அந்தக் கொட்டகையில், கறுத்துப்போன ஒரு சிமெண்ட் மேடையை மட்டும் காட்டினார்கள். அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். அப்பா என்று நான் பார்த்தது அவ்வளவுதான். மேசையில் இருந்த காகிதங்களை அடுக்கினேன்.

“என்ன சொன்னார்?” என்று மாயெல் கேட்டாள்.

ஊர்ப் பொதுத் தகன மேடை கடலுக்குள் போய்விட்டது என்றேன். பிரெஞ்சில் அது சிறிய வாக்கியம். அவள் வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்தாள். அந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று கேட்கச் சொன்னாள்.

கேட்டேன்.

“தண்ணிதான். ஆழம் வந்திருச்சு. அங்கதான் இப்ப வல போடுறாங்க” என்றார் அத்தான். “மத்தி நல்லா கெடைக்குதாம்.”

மாயெல் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மீன்கள் அவளுடைய அடுத்த அத்தியாயம். எந்த மாதத்தில் என்று கேட்டாள்.

“எந்த மாசத்துல அத்தான்?”

அவர் விரல் விட்டு எண்ணினார். “மாமா தெவசம் வருதுல்ல, அதுக்கு முன்ன பின்னதான்.”

பிப்ரவரி என்று மொழிபெயர்த்தேன்.